மூக்கைத் தூக்கிய கேனோ: அடிவடிவமும் சுமைச் சமனும் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

புகார் ஒரே வரிதான்: காற்று வந்தால் இந்தப் படகு சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. கூடவே ஒரு கேள்வியும் வந்தது. அடியில் ஸ்கெக் எனப்படும் செங்குத்துத் தகடு ஒன்றைப் பொருத்தலாமா, இல்லை படகையே மாற்றிவிடலாமா?

படகு, மேலே திறந்த, இருவர் அமரும் கேனோ. நீளம் 4.9 மீட்டர். பாலிஎத்திலீன் உடல், எடை 34 கிலோ. விளிம்பில் அகலம் 88 செ.மீ.; சுமையேற்றியபின் நீர்க்கோட்டில் 80 செ.மீ. அடியின் நடுவே நீளவாட்டில் துருத்தி ஓடும் கீல் எனப்படும் தண்டு இல்லை. அடிப்பக்கம் குறுக்குவாட்டில் தட்டையாக இல்லாமல் லேசாக உருண்டிருக்கும். நீளவாட்டில் பார்த்தால் நடுப்பகுதி தாழ்ந்தும் இரு முனைகளும் 5 செ.மீ. அளவுக்கு மேலேறியும் இருக்கும். இந்த நீளவாட்டு வளைவை ராக்கர் என்பார்கள். ராக்கர் கூடினால் படகு சுலபமாகத் திரும்பும், நேராகப் போவதற்குத் துடுப்புக்காரர் உழைக்க வேண்டும். குறைந்தால் நேராக ஓடும், திரும்ப அடம்பிடிக்கும். இந்தப் படகு இரண்டுக்கும் நடுவில் உள்ளது. ஆறு, ஏரி இரண்டுக்கும் பொதுவாகச் செய்யப்படும் வகை, அதில் குறை சொல்ல எதுவுமில்லை.

படகில் அண்ணனும் தங்கையும். அண்ணன் 86 கிலோ, பின்னிருக்கையில் அமர்ந்து படகைச் செலுத்துபவர். தங்கை 58 கிலோ, முன்னிருக்கையில். இரண்டு இரவு தங்குவதற்கான மூட்டை முடிச்சுகள் 52 கிலோ: 12 கிலோ குடிநீர்க் கேன், 20 கிலோ சமையல் பெட்டி, 20 கிலோவில் கூடாரமும் துணிகளும். எல்லாம் சேர்த்து மொத்த எடை 230 கிலோ. படகு தயாரிப்பாளர் சொல்லும் கொள்ளளவுக்கு இது வெகு கீழே. "ஓவர்லோடு இல்லையே" என்பதுதான் அண்ணனின் முதல் வாதம். உண்மைதான், எடை அதிகமில்லை. அது எங்கே உட்கார்ந்திருந்தது என்பதை அன்று யாரும் பார்க்கவில்லை.

நடந்தது இது. முதல் நாள் காலை மெல்லிய பின்காற்று, படகு சுகமாக ஓடியது. இரண்டாம் நாள் பிற்பகல் திரும்பும்போது காற்று இடது முன்பக்கத்திலிருந்து ஏறக்குறைய 45 பாகை கோணத்தில் அடித்தது. அலைமுகடுகளில் அங்கங்கே வெள்ளை நுரை தெரிந்ததாகச் சொன்னார்கள். காற்றின் வலுவைக் குறிக்கும் போஃபர்ட் அளவில் 3-க்கும் 4-க்கும் இடைப்பட்ட நிலை, அதாவது மணிக்கு 20 கி.மீ. சுற்றளவில் காற்று, வீச்சடிக்கும்போது 30 வரை போயிருக்கலாம். அலை முழங்கால் உயரம்கூட இல்லை.

படகின் மூக்கு வலப்பக்கமாக, காற்று தள்ளும் திசையில் விலகிக்கொண்டே போனது. அதை இடப்பக்கம் கொண்டுவர அண்ணன் வலப்புறத்தில் அகலமாக வளைத்துத் துடுப்பு போட வேண்டியிருந்தது. ஒவ்வொரு துடுப்பு வீச்சுக்கும் மூக்கு கொஞ்சம் எழும்பித் திரும்பும், அடுத்த துடுப்பு வீச்சுக்குள் மறுபடி விலகும். முன்னால் இருந்த தங்கை சொன்னதுதான் இந்த ஆய்வுக்குக் கிடைத்த முதல் நல்ல தடயம்: "அண்ணா, நான் என்ன போட்டாலும் முன்பக்கம் தண்ணியைப் பிடிக்கவே மாட்டேங்குது." அண்ணன் அதைச் சோர்வு என்று எடுத்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் ஒரு வீச்சுக் காற்றில் படகு முழுவதுமாகக் குறுக்கே திரும்பிவிட்டது. அவர் வலப்புறம் நன்றாகச் சாய்ந்து துடுப்பு போடும்போது இடப்பக்கத்தை ஓர் அலை தூக்க, வலப்பக்க விளிம்பு தண்ணீருக்குள் போனது. கவனியுங்கள், தண்ணீர் அலை வந்த பக்கமாக ஏறவில்லை, எதிர்ப்பக்கமாக ஏறியது. சுமார் 30 லிட்டர் உள்ளே வந்துவிட்டது. கவிழவில்லை. இருவரும் உயிர்காப்பு உடுப்பு அணிந்திருந்தார்கள். காற்றோடு போய் எதிர்க்கரையில் ஒதுங்கினார்கள்.

இதற்கு மூன்று விளக்கங்கள் உலவின. முன்னால் இருப்பவர் போதுமான அளவு வலிக்கவில்லை. கீல் இல்லாத படகு அப்படித்தான் இருக்கும். அன்று காற்று அதிகம். மூன்றிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் இதே வகைப் படகில் இதைவிட வலுவான காற்றில் ஏரி கடப்பவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் எல்லோரும் பலசாலிகளும் அல்ல.

அளந்து பார்த்தது

படகை அமைதியான தண்ணீரில் இறக்கி, அன்று வைத்திருந்தபடியே சாமான்களை வைத்து, இருவரையும் உட்காரச் சொன்னோம். இரு முனைகளிலும் முன்பே ஒட்டிவைத்த நாடாவில் நீர்மட்டத்தைக் குறித்தோம். இதற்கு வேறு கருவி தேவையில்லை.

பின்முனை மூக்கைவிட 14 செ.மீ. கூடுதலாக அமிழ்ந்திருந்தது. படகின் நடு அமிழ்வு 13 செ.மீ.தான். மூக்கு ராக்கரால் ஏற்கெனவே 5 செ.மீ. மேலே உள்ளது, சாய்வு அதை மேலும் 7 செ.மீ. தூக்கிவிட்டது. மிச்சம் தண்ணீருக்குள் இருந்தது ஒரு செ.மீ. அவ்வளவுதான். தங்கை சொன்னது சோர்வே அல்ல, அவருக்குக் கீழே படகின் முன்பகுதி தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் இருந்திருக்கிறது.

பின்னிருக்கையில் இருந்தவருக்கு இது ஏன் தெரியவில்லை? 4.9 மீட்டர் நீளத்தில் 14 செ.மீ. என்பது ஒன்றரைப் பாகைச் சாய்வைவிடச் சற்றே அதிகம். அலையில் ஆடும் படகில் உட்கார்ந்துகொண்டு கண்ணால் அதைப் பிடிப்பது கடினம். கரையில் நிற்பவர் பக்கவாட்டில் பார்த்தால் உடனே சொல்லிவிடுவார். ஆகவே புறப்படுமுன் ஒருவர் இறங்கி நின்று பார்ப்பது நல்லது என்று சொல்லத் தோன்றும், ஆனால் இறங்கியவரின் எடை இல்லாமல் பார்ப்பதில் அர்த்தமில்லை. மூன்றாம் ஆள் வேண்டும். இல்லாவிட்டால் நடுவில் ஒரு ரசமட்டத்தை வைத்துக்கொள்ளலாம். இன்னும் எளிது, அடியில் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றி அது எங்கே தேங்குகிறது என்று பார்ப்பது. சமனாக இருந்தால் நடுவில் நிற்கும். இவர்கள் படகில் அது பின்னிருக்கையை நோக்கி ஓடியது.

14 செ.மீ. எங்கிருந்து வந்தது என்பதை எளிய கணக்கில் காட்டிவிடலாம். இந்தப் படகின் நீர்க்கோட்டு நீளம் 4.8 மீட்டர், அகலம் 0.8 மீட்டர். நீர்மட்டத்தில் அதன் வெட்டுப்பரப்பு சுமார் 2.5 சதுர மீட்டர், எனவே 25 கிலோ ஏற்றினால் படகு ஒரு செ.மீ. அமிழும். சாய்வுக்கு வேறு கணக்கு. சுமார் 6 கிலோ எடையை ஒரு மீட்டர் நகர்த்தினால் இரு முனைகளுக்கும் இடையே ஒரு செ.மீ. வித்தியாசம் வரும். ஏற்றப்பலகையில் குழந்தைகள் நகர்ந்து உட்காருவது போலத்தான், எடையையும் நடுவிலிருந்து அதன் தூரத்தையும் பெருக்க வேண்டும்.

பின்னிருக்கை நடுவிலிருந்து 1.4 மீட்டர் பின்னால். முன்னிருக்கை ஒரு மீட்டர்தான் முன்னால், ஏனென்றால் அங்கே கால் நீட்ட இடம் விட்டாக வேண்டும். பெரும்பாலான இருவர் கேனோக்களில் இப்படித்தான். ஆக, சம எடையுள்ள இருவர் உட்கார்ந்தாலே படகு பின்பக்கம் தாழும். இங்கே பின்னால் 86 × 1.4, அதாவது 120. முன்னால் 58 × 1. வித்தியாசம் 62. இதன்மேல், கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும் என்று குடிநீர்க் கேனை அண்ணன் தன் முதுகுக்குப் பின்னே, நடுவிலிருந்து 1.9 மீட்டரில் செருகியிருந்தார். அதற்கு 23. சமையல் பெட்டி அவர் காலுக்கு முன்னே, 0.6 மீட்டரில், அதற்கு 12. கூடாரப் பை மட்டும் நடுவுக்குச் சற்று முன்னால் இருந்ததால் 8 கழியும். நிகரம் 89. ஆறால் வகுத்தால் 15 செ.மீ., அளந்தது 14. இவ்வளவு கரடுமுரடான கணக்குக்கு இது நல்ல பொருத்தம்.

இந்தப் பட்டியலில் பார்க்க வேண்டியது அந்தக் கேனை. இருப்பதிலேயே எடை குறைந்த சாமான், ஆனால் சமையல் பெட்டியைவிட இரண்டு மடங்கு கெடுதல் செய்திருக்கிறது.

காற்று என்ன செய்கிறது

பின்பாரப் படகின் மூக்கு காற்றில் ஏன் விலகுகிறது என்று கேட்டால், தூக்கிய மூக்கைக் காற்று பிடித்துத் தள்ளுகிறது என்றுதான் வழக்கமாகப் பதில் வரும். அது பாதிக் கதை. பெரிய பாதி தண்ணீருக்குள் நடக்கிறது.

பக்கவாட்டில் பார்க்கும்போது இந்தப் படகும் ஆட்களும் காற்றுக்குக் காட்டும் பரப்பு சுமார் 2.2 சதுர மீட்டர். தண்ணீருக்குள் இருக்கும் பக்கப்பரப்பு 0.6 சதுர மீட்டர்தான். மேலே காற்று தள்ளும் விசைக்கு ஒரு மையம் உண்டு, கீழே தண்ணீர் எதிர்த்து நிற்பதற்கு ஒரு மையம் உண்டு. இரண்டும் ஒரே இடத்துக்கு நேராக இருந்தால் படகு குறுக்கே நகருமே தவிரத் திரும்பாது. விலகினால் திரும்பும். 14 செ.மீ. சாய்வு என்ன செய்கிறது என்றால், முன்பாதியில் ஒரு துண்டுப் பரப்பைத் தண்ணீரிலிருந்து எடுத்து மேலே சேர்க்கிறது, பின்பாதியில் அதே அளவை மேலிருந்து எடுத்து தண்ணீருக்குள் விடுகிறது. மேலே 2.2 சதுர மீட்டரில் அந்தத் துண்டு ஒரு பொருட்டல்ல, காற்றின் மையம் 12 செ.மீ. அளவுக்குத்தான் முன்னால் போகும். கீழே 0.6-இல் அது பெரிய பங்கு. தண்ணீர் எதிர்ப்பின் மையம் 40 செ.மீ.-க்கு மேல் பின்னால் போய்விடுகிறது. இரண்டுக்கும் நடுவே அரை மீட்டருக்கு மேற்பட்ட நெம்புகோல் உருவாகிவிட்டது.

மணிக்கு 20 கி.மீ. குறுக்குக் காற்று இந்தப் பரப்பில் ஏறத்தாழ 4 கிலோ எடைக்குச் சமமான விசையைத் தரும். காற்றின் வேகம் கூடும்போது விசை வேகத்தின் இருமடியாகக் கூடுவதால், 30 கி.மீ. வீச்சில் 9 கிலோ ஆகிவிடும். நடுவிலிருந்து 1.4 மீட்டரில் உட்கார்ந்திருப்பவர் இதைச் சரிக்கட்ட, சாதாரணக் காற்றில் ஒன்றரைக் கிலோவும் வீச்சில் அதன் இருமடங்குக்கு மேலும் பக்கவாட்டு விசையை இடைவிடாமல் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். கேட்கச் சின்னதாக இருக்கும். ஆனால் துடுப்பு தண்ணீரில் இருக்கும் நேரம் பாதிதான், அதே துடுப்புதான் படகை முன்னேயும் தள்ள வேண்டும். அரை மணி நேரத்தில் ஆள் ஓய்ந்துவிடுவார்.

இதன் மறுபக்கமும் உண்டு. சமனாக ஏற்றிய படகு முன்னேறி ஓடும்போது, மூக்கருகே அழுத்தம் கூடிய தண்ணீர் இறுக்கிப் பிடிக்கிறது, பின்முனை கலங்கிய தண்ணீரில் தளர்வாக இருக்கிறது. அதனால் தண்ணீர் எதிர்ப்பின் மையம் முன்னே நகரும், காற்று பின்முனையைத் தள்ளும், படகு காற்றை நோக்கித் திரும்பும். கயாக் ஓட்டுபவர்கள் எல்லோருக்கும் இந்தத் தொல்லை தெரியும். இதைச் சரிக்கட்டத்தான் "பின்பக்கம் கொஞ்சம் பாரமாக இருக்கட்டும்" என்று சொல்லித்தருகிறார்கள். நல்ல அறிவுரைதான். அந்தக் "கொஞ்சம்" இரண்டு மூன்று செ.மீ. என்று யாரும் கூடவே சொல்வதில்லை, அங்கேதான் வினை. ஸ்கெக்கும் இதே வேலையைத்தான் செய்யும்: தண்ணீர் எதிர்ப்பின் மையத்தைப் பின்னுக்குத் தள்ளும். அண்ணன் கேட்டபடி ஸ்கெக் பொருத்தியிருந்தால் அந்தப் பிற்பகலில் மூக்கு இன்னும் வேகமாக விலகியிருக்கும். நேராக ஓடாத படகுக்கெல்லாம் ஸ்கெக் மருந்து என்று நினைப்பது, எந்தப் பக்கம் விலகுகிறது என்றே பார்க்காமல் மருந்து கொடுப்பது.

ஒரு சின்ன விஷயம். மூக்கு தூக்கினால் நீர்க்கோட்டு நீளம் குறைந்து வேகம் குறையும் என்றும் சொல்வதுண்டு. கேனோ போன்ற படகில் அலை எதிர்ப்பு பெரிதாகும் வேகம் நீளத்தைப் பொறுத்தது, 4.8 மீட்டருக்கு அது மணிக்குப் பத்து கி.மீ. அருகில். இவர்கள் போனது ஐந்து. நீர்க்கோடு அரை மீட்டர் குறைந்தாலும் அந்த வேகத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது. வேகத்தைத் தின்றது திருத்த வீச்சுகள்தான்.

அதே சுமை, வேறு அடி

அடிவடிவத்துக்கு இதில் என்ன பங்கு என்று தெரிய, இன்னொரு படகை எடுத்தோம். 5.2 மீட்டர் நீளம், நீர்க்கோட்டில் 78 செ.மீ. அகலம், ராக்கர் கிட்டத்தட்ட இல்லை, முனைகள் கத்திபோல் ஒடுங்கியவை, அடிப்பக்கம் லேசான வி வடிவம். நீண்ட ஏரிப் பயணங்களுக்கான வகை. அதே இருவர், அதே சாமான்கள், அதே தவறான அடுக்கு.

சாய்வு ஏறக்குறைய அதேதான், 13 செ.மீ. ஆனால் ராக்கர் இல்லாததால் மூக்கில் இன்னும் ஒரு கை விரல்களின் நீளத்துக்குத் தண்ணீருக்குள் அடி இருந்தது. இதே மாதிரிக் காற்றில் மூக்கு விலகியது, ஆனால் மெதுவாக, கட்டுக்குள். அண்ணனுக்கு உடனே முகம் மலர்ந்தது: "பார்த்தீங்களா, படகுதான் பிரச்சினை."

அப்புறம் நாணல்களுக்கு நடுவே வளைந்து போகும் குறுகிய கால்வாய்க்குள் போகச் சொன்னோம். முதல் வளைவிலேயே படகு நாணலுக்குள் நேராகப் போய் நின்றது. ராக்கர் இல்லாத அடி, போதாதற்குப் பின்முனை இருபது செ.மீ. அருகில் அமிழ்ந்திருக்கிறது, அது பூட்டுப் போட்ட மாதிரி அசையாது. திரும்ப வேண்டுமானால் பின்முனை பக்கவாட்டில் நழுவ வேண்டும், அதற்குத்தான் வழியே இல்லையே. சாமான்களை முன்னே நகர்த்திச் சமனாக்கியதும் அதே வளைவு, தங்கை முன்னிருந்து இழுத்துப் போட்ட துடுப்புக்குக் கட்டுப்பட்டுத் திரும்பியது.

சமனில்லாத சுமை எல்லா அடிகளிலும் தொல்லைதான். அது எந்த முகத்தோடு வெளிப்படும் என்பதை அடிவடிவம் தீர்மானிக்கிறது. வளைந்த அடியில் பின்பாரம் மூக்கைத் தண்ணீரிலிருந்து பிடுங்கிவிடுகிறது, நேரான அடியில் பின்முனையைப் பூட்டிவிடுகிறது. முன்பாரத்துக்கு இது தலைகீழ். முதல் படகில் மூக்கை நான்கு செ.மீ. தாழ்த்திப் பார்த்தபோது பெரிதாக எதுவும் தெரியவில்லை, கொஞ்சம் காற்றை நோக்கித் திரும்பப் பார்த்தது. இரண்டாவது படகில் அதே நான்கு செ.மீ., பின்னாலிருந்து அலை வரும்போது அச்சமூட்டியது. ஒடுங்கிய மூக்கு முன் அலையின் முதுகில் குத்தி நிற்க, பின்னலை பின்முனையைத் தூக்கிப் பக்கவாட்டில் சுழற்றியது. துடுப்பை வைத்து அதை நிறுத்த முடியவில்லை. வேகத்தைக் குறைத்து அலையை முன்னே விட்டுத்தான் தப்பிக்க வேண்டியிருந்தது. பின்காற்றில் முன்பாரம் வேண்டவே வேண்டாம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை, ராக்கர் இல்லாத படகில் இன்னும் கண்டிப்பாக.

ஏன் விளிம்பு தண்ணீருக்குள் போனது

மூக்கு விலகியது முன்பின் சமன் பற்றியது. தண்ணீர் ஏறியது பக்கவாட்டு நிலைப்பு பற்றியது. இரண்டும் தனித்தனி விஷயங்கள், அன்று ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டன.

பக்கவாட்டு நிலைப்பில் அகலத்துக்குத்தான் முதல் மரியாதை. நீர்க்கோட்டு அகலத்தின் மும்மடியாக அதன் பங்கு கூடும். அகலம் பத்து சதவீதம் கூடினால் பலன் 33 சதவீதம். அதற்கு எதிர்ப்பக்கம், ஆட்களின் ஈர்ப்பு மையம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது. இந்தப் படகுக்குக் கணக்கிட்டால், இருவரும் இருக்கையில் அமர்ந்திருக்கும்போது படகைக் கவிழவிடாமல் பிடித்திருக்கும் இடைவெளி, அதாவது ஈர்ப்பு மையத்துக்கு மேலே மெட்டாமையம் (படகு லேசாகச் சாயும்போது மிதப்பு விசை எந்தப் புள்ளி வழியே மேலே தள்ளுகிறதோ அது) நிற்கும் தூரம், எட்டு ஒன்பது செ.மீ.தான் வருகிறது. இருவரும் இருக்கையை விட்டு அடியில் மண்டியிட்டால் உடல் 12 செ.மீ. அளவுக்குத் தாழும், அந்த எட்டு ஒன்பது ஏறத்தாழ இரட்டிப்பாகும். வேறு எந்தப் பொருளும் வாங்காமல் நிலைப்பை இரட்டிப்பாக்க இதைவிட எளிய வழி கேனோவில் கிடையாது. காற்று எழுந்தவுடன் மண்டியிட வேண்டும் என்று பழகியவர்கள் சொல்வது பயந்து அல்ல.

அன்று இருவரும் இருக்கையில்தான் இருந்தார்கள். பின்முனை தாழ்ந்திருந்ததால் அண்ணன் அருகே விளிம்புக்கும் தண்ணீருக்கும் இடைவெளி ஏற்கெனவே குறைந்திருந்தது. மூக்கின் விலகலைச் சரிக்கட்டவே அவர் வலப்புறம் எட்டித் துடுப்பு போட்டார், எட்டியதால் படகு வலப்புறம் சரிந்தது, அலை இடப்பக்கத்தைத் தூக்கியது. எல்லாம் ஒரே பக்கமாகச் சேர்ந்துவிட்டன. சுமையேற்றியபின் நடுவில் குறைந்தது 15 செ.மீ. விளிம்புயரம் மிஞ்ச வேண்டும் என்பது கேனோக்காரர்களின் பழைய கணக்கு. இவர்களுக்கு நடுவில் 22 இருந்தது, பின்னால் உட்கார்ந்தவர் பக்கத்தில் அவ்வளவு இல்லை.

தண்ணீர் ஏறிய பிறகுதான் உண்மையான ஆபத்து. 30 லிட்டர் தண்ணீர் அடியில் கட்டப்படாமல் அலையும்போது, படகு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் ஓடிப்போய் நிற்கும். அந்தத் தேக்கம் இரண்டரை மீட்டர் நீளமும் அரை மீட்டருக்குச் சற்றுக் குறைந்த அகலமும் இருந்தால், நிலைப்பிலிருந்து ஏழு செ.மீ. கழிந்துவிடும். இருந்தது எட்டு ஒன்பதுதானே. கூடவே அது பின்பக்கம் ஓடித் தேங்கியதால் பின்பாரம் இன்னும் ஐந்து செ.மீ. கூடியிருக்கும். அவர்கள் காற்றோடு போகத் தீர்மானித்ததும், அப்போது இருவரும் தாமாகவே கீழே சரிந்து உட்கார்ந்ததும்தான் காப்பாற்றின. யாரும் கற்றுத்தராமலே செய்த இரண்டு சரியான காரியங்கள்.

மாற்றியதும் பார்த்ததும்

முதலில் தண்ணீர்க் கேன். நடுவிலிருந்து 1.9 மீட்டர் பின்னால் இருந்ததைத் தங்கையின் பாதத்துக்கு முன்னே, நடுவிலிருந்து 1.8 மீட்டருக்குக் கொண்டுபோய்க் கட்டினோம். 12 கிலோ 3.7 மீட்டர் நகர்ந்தது: 44. சமையல் பெட்டி முன்னிருக்கைக்குப் பின்னே போனது: 22. மொத்தம் 66 கழிந்து, 89 இருந்தது 23 ஆனது. நாடாவில் நான்கு செ.மீ.-க்குக் கொஞ்சம் குறைவான பின்பாரம். ஆட்களை இடம் மாற்றவில்லை, படகைத் தொடவில்லை.

கனமானவரை முன்னால் உட்கார வைத்தால் இன்னும் எளிதில் சமனாகும் என்று ஒரு யோசனை வந்தது. கணக்குப்படி சரி. ஆனால் செலுத்தத் தெரிந்தவர் பின்னால் இருப்பதுதான் நடைமுறை. சாமானை நகர்த்திச் சரியாகும்போது ஆளை நகர்த்த வேண்டியதில்லை.

அதே ஏரியில், அதே போன்ற காற்றில், துடுப்பை நிறுத்திவிட்டுப் படகை ஓடவிட்டுப் பார்த்தோம். பழைய அடுக்கில், நிறுத்திய உடனே மூக்கு காற்று போகும் திசைக்குச் சுழன்று, குறுக்கே நின்றதோடு அடங்காமல் மேலும் திரும்பியது. புதிய அடுக்கில், வேகம் இருக்கும்வரை மூக்கு மெல்லக் காற்றை நோக்கி வந்தது, வேகம் அடங்கியதும் குறுக்கே நின்றது. துடுப்பு போடும்போது அந்த மெல்லிய திருப்பத்தை அண்ணனின் வழக்கமான ஜே வீச்சே சரிக்கட்டிவிட்டது. ஜே வீச்சு என்பது வீச்சின் முடிவில் துடுப்பை வெளிப்பக்கம் லேசாகத் தள்ளி முடிப்பது. தங்கைக்குத்தான் வித்தியாசம் அதிகம். அவர் முன்னால் போட்ட ஒவ்வொரு இழுப்பும் இப்போது படகைத் திருப்பியது.

ஒரு விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. கனம் முனைகளுக்குப் போகப் போகப் படகு அலையில் எழும்ப நேரமெடுக்கும். 12 கிலோ கேன் மூக்கருகே இருப்பதால், எதிரலையில் மூக்கு சற்றுத் தாமதமாக எழுந்து, நுரையை உள்ளே தெளித்தது. எடையெல்லாம் நடுவில் குவிந்து, சமனும் கிடைத்தால் அதுதான் சிறந்தது. 86-க்கு 58 என்ற ஜோடிக்கு அது கிடைக்காது. எனவே எதிர்க்காற்றில் கேன் மூக்கருகே, பின்காற்றில் கேன் நடுவுக்கு என்று மாற்றிக்கொள்ளச் சொன்னோம். தத்துவம் ஒன்றுதான்: எந்த முனை பாரமோ அது காற்று வரும் பக்கம் போக விரும்பும், இலேசான முனை காற்றோடு போகும். போக வேண்டிய திசையைப் பார்த்துப் பாரத்தை வைத்தால் காற்றே பாதி வேலையைச் செய்யும்.

எடையைக் கட்டிவைப்பது பற்றி இரண்டு அபிப்பிராயங்கள் உண்டு. கவிழ்ந்தால் அவிழ்த்துவிட வசதியாகச் சும்மா வைப்போம் என்பவர்கள் இருக்கிறார்கள். என் கட்சி கட்டுவதுதான். படகு சரியும்போது 20 கிலோ பெட்டி நழுவிச் சரிந்த பக்கமே போனால், இவ்வளவு கணக்கும் வீண். நீர்புகாப் பைகள் உள்ளே கட்டப்பட்டிருந்தால் கவிழ்ந்த படகுக்கு அவையே மிதவையும் ஆகும். தொங்கும் நீண்ட கயிறுகள் மட்டும் கூடாது, காலைச் சுற்றும்.

பிறகு ஒருநாள் அண்ணன் தனியாக அதே படகை எடுத்துப்போக வேண்டியிருந்தது. வழக்கம்போல் பின்னிருக்கையில் உட்கார்ந்தால் 86 × 1.4, ஏறக்குறைய 20 செ.மீ. சாய்வு; படகின் முன்பகுதி காற்றில் நிற்கும். முன்னிருக்கையில் திரும்பி உட்கார்ந்து, படகின் பின்முனையையே மூக்காக்கி ஓட்டுவது பலர் செய்வது. இந்த வகைப் படகில் இரு முனைகளும் ஒரே வடிவம் என்பதால் அது நடக்கும். அப்போதும் 14 செ.மீ. மிஞ்சும். நடுக் குறுக்குச் சட்டத்துக்குச் சற்றுப் பின்னே, 40 செ.மீ. தள்ளி மண்டியிட்டால் ஐந்து, ஆறு செ.மீ.-க்கு வந்துவிடும். நடுவில் அகலம் அதிகம், விளிம்பை எட்டித் துடுப்பு போடுவது சிரமம். அதற்காகப் படகைத் துடுப்புப் பக்கமாகக் கொஞ்சம் சாய்த்தே ஓட்டுவார்கள். சாய்ந்த கேனோவின் முனைகள் தண்ணீரிலிருந்து விடுபட்டு, அது சாய்ந்ததற்கு எதிர்ப்பக்கமாகத் திரும்பப் பார்க்கும் என்பதையும் அவர் அன்றே பழகிக்கொள்ள வேண்டியிருந்தது.

ஸ்கெக் பொருத்தவில்லை. படகு மாற்றவில்லை. ஒரே ஒரு கேள்வி மிச்சமிருந்தது, அதைக் கேட்டவர் தங்கை. முன்னால் கட்டிவைத்த கேனிலிருந்துதானே குடிக்கிறோம்? 12 கிலோவில் பாதி மாலைக்குள் தீர்ந்தால் 44-இல் 11 போய்விடும், சாய்வு மறுபடி இரண்டு செ.மீ.-க்குக் கிட்டக் கூடும். திரும்பி வரும் நாளில், காலிக் கேனோடு, சாய்வு ஏழு செ.மீ.-ஐத் தாண்டும். அதனால் இப்போது மூக்கருகே இருப்பது மடக்கும் வகைத் தண்ணீர்ப் பை, குடிக்காத ஏரித் தண்ணீர் நிரப்பியது. குழப்பம் வராமலிருக்க அதன் மூடியில் சிவப்பு நாடா ஒட்டியிருக்கிறது. குடிநீர் நடுவில். பின்காற்று வந்தால் பையைத் திறந்து கொட்டிவிடலாம், கரையில் காலியாகச் சுமக்கலாம், படகு கவிழ்ந்தாலும் தண்ணீருக்குள் தண்ணீருக்கு எடையில்லை என்பதால் அது யாரையும் கீழே இழுக்காது.